சட்டம் ஓடினாற் போதாது. பிள்ளை ஓட வேண்டும்

பாடசாலைப் பிள்ளைகள் நாள்தோறும் தேகப்பயிற்சி செய்தே ஆகவேண்டும் என்று ஆணை பிறப்பித்த அரசுகள் இன்று உலகிற் பல. ஆணை பிறப்பித்த பின்னர், அதனாற் பிள்ளைகள் உண்மையிலேயே ஓடியாடினார்களா என்று அளந்து பார்த்த அரசுகளோ மிகச் சில. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் தூரமே இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

தேகப்பயிற்சி நன்றா, தீதா என்று எவரும் இனி வழக்காட வேண்டியதில்லை. ஐந்து வயது முதற் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை உழைக்கவைத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் வலியுறுத்தியுள்ளது. 2016ஆம் ஆண்டு நிலையை 146 நாடுகளின் கணக்குகளைக்கொண்டு ஆராய்ந்தபோது, 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்பது தெரியவந்தது. ஆண் பிள்ளைகளைக் காட்டிலும் பெண் பிள்ளைகளின் நிலை மோசமாயிருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நடுவயதில் வெளிப்படினும், அவற்றுக்கு வித்து இளமையிலேயே ஊன்றப்படுகிறது என்பதை எமது வைத்தியர்கள் நன்கறிவர்.

ஆகவே வினா வேறொன்று. நாள்தோறும் பயிற்சி என்று சட்டத்தில் எழுதிவிட்டாற் பிள்ளையின் உடல் அசைந்துவிடுமா? இதற்குச் சாட்சி சொல்ல ஏற்ற இடம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம். எமது மண்ணிலிருந்து பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றன. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாடசாலைகளிற் படிக்கின்றார்கள். ஆதலின் இது எமக்குப் புறத்தியார் செய்தியன்று.

2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒன்ராறியோக் கல்வி அமைச்சு ஓர் ஆணை விடுத்தது. முதலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பாடசாலை நாளிலும் குறைந்தது 20 நிமிடம் இடைவிடாத உடற்பயிற்சி பெறுதல் வேண்டும். அதுவும் இடைவேளையில் அன்று, பாடம் நடக்கும் நேரத்திலேயே பெறுதல் வேண்டும் என்பது அதன் சாரம். சோம்பலாக நடந்து வருவது பயிற்சியாகாது. நெஞ்சு படபடக்க, மூச்சு வாங்க, உடல் உழைத்தல் வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2005-2006 பாடசாலை ஆண்டு முடிவதற்குள் எல்லாச் சபைகளும் இதனை முழுமையாக நிறைவேற்ற வேண்டும் என்று தவணையும் குறிக்கப்பட்டது. நோக்கத்தில் எவரும் குறை காண இயலாது. வாசகத்திலும் தெளிவு இருந்தது. செல்வம் நிறைந்த நாடு, சம்பளம் ஒழுங்காகப் பெறும் ஆசிரியர், கூரையும் வெப்பமும் உள்ள கட்டடம் ஆகிய எல்லாம் அங்கே இருந்தன. இத்தனை வாய்ப்புகளும் கூடிய இடத்திலே அவ்வாணை என்ன விளைவைத் தந்தது?

2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறிற்று. ரொறன்ரோ நகரின் 16 பாடசாலைகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிற் பயின்ற 1,027 பிள்ளைகளின் உடலசைவு அதில் அளக்கப்பட்டது. ஆசிரியரிடம் கேட்டும் பதிவேட்டைப் புரட்டியும் கணக்கெடுப்பதோடு நில்லாமல், அசைவைத் தானே பதியும் சிறு கருவியைப் பிள்ளைகள் அணியும்படி செய்து பார்த்தார்கள். வகுப்பு நேர அட்டவணைகளின்படி, அப்பிள்ளைகளுட் பாதிக்கும் குறைவானோருக்கே பயிற்சி நாள்தோறும் அளிக்கப்பட்டது. அளிக்கப்பட்டவரிடையேயும், ஆணை கேட்டவாறு 20 நிமிடம் இடைவிடாமல் உடலை உழைக்கவைத்த பிள்ளை ஒன்றேனும் இருக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுள் ஒருவர்தாமும் இல்லை! ஆணை பிறந்து ஏழாண்டு கழிந்த பின்னர் வெளியான கணக்கு இது.

மறுவருடம், 2013இல், மாகாணத்தின் கணக்காய்வாளர் நாயகம் தமது ஆண்டறிக்கையில் இப்பொருளை எடுத்து ஆராய்ந்தார். ஆணை நிறைவேறுகிறதா என்று முறையாகக் கண்காணிக்கும் ஏற்பாடு அமைச்சிடமும் இல்லை, பாடசாலைச் சபைகளிடமும் இல்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். பின்னர் மாகாணத்தின் அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும் வினாக்கள் அனுப்பி விடை பெறப்பட்டது. அதன் முடிவு 2016இல் வெளியாயிற்று. தமது பாடசாலையில் ஆணை செவ்வனே நடைபெறுகிறது என்று கூறிய அதிபர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர். தமது வகுப்பில் நடைபெறுகிறது என்று கூறிய ஆசிரியர்கள் நூற்றுக்கு 50 பேர்.

இந்த மூன்று அளவுகளையும் வாசகர்கள் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். அதிபரின் அறையிற் கேட்டால் அறுபத்தொன்று. வகுப்பறையிற் கேட்டால் ஐம்பது. பிள்ளையின் உடலிற் கருவியைக் கட்டிப் பார்த்தாற் சுழியம். அளந்த ஆண்டும் அளந்த முறையும் வேறு என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் மேலிருந்து கீழே இறங்க இறங்க ஆணையின் வலு எவ்வாறு வற்றிப்போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

வன்னிக் கமக்காரருக்கு இது புதிய பாடம் அன்று. குளத்தின் துருசைத் திறந்த நாளும் நேரமும் புத்தகத்தில் ஒழுங்காகப் பதியப்பட்டிருக்கும். வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலும் பச்சையாகவே நிற்கும். ஆனால் வாய்க்காலின் கடைசியிலே கிடக்கும் வயலுக்கு நீர் எட்டிற்றா என்பதைப் புத்தகம் சொல்லாது. அவ்வயலில் இறங்கி நின்று பார்த்தவனே சொல்வான். அறுவடை முடிந்ததும் ஏக்கருக்கு எத்தனை புசல் கண்டது என்று கேட்கின்றோமே அன்றி, எத்தனை முறை துருசு திறக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. கல்விப் பகுதியினர் மட்டும், துருசு திறந்த கணக்கையே விளைச்சற் கணக்காக எமக்குக் காட்டிவருகின்றனர்.

இவ்வளவுக்கும் காரணம் ஆசிரியரின் சோம்பல் என்று கூறுவார் இருக்கலாம். அக்கூற்றை நாம் ஏற்கவில்லை. ஒன்ராறியோ ஆசிரியர்கள் கூறிய இடையூறுகளைப் பாருங்கள். நேரம் போதாது, மற்றைப் பாடங்கள் நெருக்குகின்றன, இடம் போதாது, மண்டபத்தை எல்லா வகுப்புகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, பயிற்சி நடத்தும் முறை தமக்குத் தக்கவாறு கற்பிக்கப்படவில்லை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அம்மாகாணத்தில் மூன்றாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பிலும் எழுத்திலும் கணிதத்திலும் மாகாணம் தழுவிய பரீட்சை நடத்தப்படுகிறது. அதன் பெறுபேறு பாடசாலை தோறும் வெளியாகிறது. ஒரு பக்கத்தில் அளந்து வெளியிடப்படும் கணிதம். மறுபக்கத்தில் எவரும் அளவாத, எவரும் கேளாத இருபது நிமிடம். இவ்விரண்டுள் எதனை ஓர் ஆசிரியர் கைவிடுவார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. பாட நேரத்தைக் கூட்டாமலும், ஒரு பாடத்தையேனும் குறைக்காமலும், இருபது நிமிடத்தை மட்டும் புதிதாகக் கேட்ட அமைச்சு, அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வரவேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது. சொல்லாமல் விட்ட பாரம் வகுப்பாசிரியரின் தோளில் இறங்கிற்று.

அப்படியாயின் இத்தகைய ஆணைகள் வீணென்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. மேற்கூறிய ரொறன்ரோ ஆராய்ச்சியே இன்னோர் உண்மையையும் எடுத்துரைத்தது. நாள்தோறும் பயிற்சி பெற்ற வகுப்புகளின் பிள்ளைகள், பெறாத பிள்ளைகளைவிட அதிகம் ஓடியாடினர். விதை முளைத்த இடத்தில் அது பயிராகத்தான் செய்தது. முளையாத இடங்கள் பல என்பதே குறை.

படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கும் பழைய விடை ஒன்று உண்டு. கனடாவிலேயே, கியூபெக் மாகாணத்தின் துறுவா றிவியேர் நகரத்துப் பாடசாலை ஒன்றிலும், நாட்டுப்புறப் பாடசாலை ஒன்றிலும் 1970 முதல் 1977 வரை ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. 546 பிள்ளைகள் அதிற் சேர்ந்திருந்தனர். பயிற்சிக் குழுவின் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், அத்துறையிற் பயின்ற ஆசிரியரைக் கொண்டே தேகப்பயிற்சி அளிக்கப்பட்டது. அந்த மணி மற்றைப் பாடங்களின் நேரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அதே பாடசாலைகளில் முன்னும் பின்னும் படித்த வகுப்புகள் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டன. முதல் வகுப்பிற் புள்ளிகள் சற்றுக் குறைந்தாலும், பின்வந்த வகுப்புகளிற் பயிற்சி பெற்ற பிள்ளைகளே மேம்பட்டு நின்றனர். புத்தகத்துக்கு முன்னால் இருக்கும் நேரம் குறைந்தாற் புள்ளி குறைந்தே தீரும் என்ற கணக்குத் தவறானது என்பதற்கு இது தக்க சான்று. இங்கே பயிற்சிக்கு நேரம் ஒதுக்கப்பட்டது, ஆள் நியமிக்கப்பட்டது, விளைவு அளக்கப்பட்டது. ஒன்ராறியோவில் இம்மூன்றுமே குறைந்திருந்தன. வேற்றுமை அவ்வளவே.

பயிற்சியின் பயனை மிகைப்படுத்திப் பேசுவதும் தீங்கு விளைக்கும் என்பதை இவ்விடத்திற் கூறவேண்டியது எமது கடன். ஸ்கொத்லாந்தின் ஸ்டேர்லிங் நகரத்தில் 2012ஆம் ஆண்டில் ஒரு தலைமையாசிரியை தமது பாடசாலைப் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பைவிட்டு வெளியே அழைத்து ஏறத்தாழ ஒரு மைல் தூரம் ஓடவோ நடக்கவோ விட்டார். உடுப்பு மாற்றவேண்டியதில்லை, கருவி வேண்டியதில்லை, செலவும் இல்லை. அம்முறை பல நாடுகளுக்குப் பரவிற்று. ஸ்டேர்லிங் பகுதியின் இரு பாடசாலைகளில் 391 பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி 2018இல் வெளியானது. ஓடிய பிள்ளைகளின் தீவிர அசைவு நாளொன்றுக்கு ஒன்பது நிமிட அளவிற் கூடியிருந்தது, மூச்சுவலுவும் வளர்ந்திருந்தது. ஆனால் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 40 பாடசாலைகளை இரு கூறாக்கி, 2,280 பிள்ளைகளிடம் ஓராண்டு நடத்திய பெரும் பரிசோதனையோ, 2020இல் வெளியானபோது, உடற்பருமனைக் குறைப்பதில் அந்த ஒரு மைல் பொதுவிற் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்று காட்டிற்று. பெண் பிள்ளைகளிடம் மட்டும் சிறு நன்மை தென்பட்டது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. பதினைந்து நிமிட ஓட்டம் நெஞ்சுக்கு வலுத் தரும். உள்ளத்துக்குத் தெளிவு தரும். ஆனால் நாள் முழுதும் உண்ணும் மாப்பண்டத்தையும் இனிப்புப் பானத்தையும் அதுவே கரைத்துவிடாது. எந்தப் பயிர் எந்தக் காயைக் காய்க்கும் என்பதை அறிந்து விதைத்தல் வேண்டும். தென்னை நட்டு மாங்காய் எதிர்பார்த்தவன், பின்னர் தென்னையை வெட்டிவிடுவான். பருமனை ஒழிப்போம் என்று முழங்கி ஆணை பிறப்பிக்கும் அமைச்சர், பருமன் குறையாத நாளில் ஆணையையே கைவிட்டுவிடுவார். பிள்ளை அசைந்ததா, மூச்சுவலு வளர்ந்ததா, வகுப்பில் மனம் ஊன்றியதா என்பனவே இத்தகைய ஆணைக்குரிய நேர்மையான அளவுகோல்கள்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை சுகாதாரமும் உடற்கல்வியும் இங்கே கட்டாய பாடமாகும். சாதாரண தரத்தில் அது விரும்பித் தெரியும் பாடமாகிவிடுகிறது. கட்டாயமாக இருக்கும் ஆண்டுகளிலும் அதனை மைதானத்திற் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர், கரும்பலகையில் எழுதிப் பரீட்சைக்கு மனனம் செய்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையிடமே கேட்டறியலாம். ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரிசிற் பரீட்சை நெருங்கும்போது முதலிற் பறிபோவது விளையாட்டு நேரம். பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. தனியார் வகுப்பு விட்டதும் வீட்டுப்பாடம். மருதநிலத்துப் பிள்ளையும் வாகனத்திலேயே பாடசாலை செல்லும் காலம் வந்துவிட்டது. வருடத்தில் ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி நடத்தி, வேகமாக ஓடும் சிலரைப் பந்தயத்தில் விட்டு, மற்றையோரைக் கைதட்ட வைத்துவிட்டால் உடற்கல்வி நிறைவேறிவிட்டதென்று எண்ணுகின்றோம். கைதட்டிய பிள்ளைக்கன்றோ பயிற்சி வேண்டும்!

இந்நிலையில், நாள்தோறும் பயிற்சி என்னும் ஆணை எமது பாடசாலைகளுக்கும் வேண்டும் என்று கூறுவோர்க்கு நாம் பகைவரல்லர். ஆனால் ஒன்ராறியோ கற்பித்த பாடத்தைப் படியாமல் அவ்வாணை இங்கே பிறக்குமாயின், அது இன்னொரு சுற்றறிக்கையாக வந்து அதிபரின் கோப்பில் உறங்கும். ஆகவே ஐந்து வினாக்களை முன்வைக்கின்றோம். இவற்றுக்கு விடை கூறாத ஆணையை ஆசிரியரும் பெற்றோரும் ஏற்கவேண்டியதில்லை.

முதலாவது, அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்படும்? எந்தப் பாடத்தின் எத்தனை நிமிடம் என்பது ஆணையிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 

இரண்டாவது, யார் நடத்துவார்? ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் சிறு பாடசாலைகள் வன்னியிலும் மலையகத்திலும் உள. அங்கே பயிற்சி பெற்ற ஆளின்றி ஆணை மட்டும் சென்று என்ன பயன்? 

மூன்றாவது, எங்கே, எப்பொழுது நடக்கும்? எமது வரண்ட நிலத்தின் மதிய வெயிலிற் பிள்ளைகளை ஓடவிடுதல் கொடுமை; காலை நேரமும், மர நிழலும், குடிநீரும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தக்க மலசலகூடமும், உடுப்பைப் பற்றிய கூச்சம் இன்றி ஓடியாடும் உரிமையும் வேண்டும். காலையுணவு இன்றி வரும் பிள்ளைக்கு முதலில் உணவு வேண்டும்.

நான்காவது, எவ்வாறு அளக்கப்படும்? பதிவேட்டில் இட்ட கையெழுத்து அளவாகாது. தவணைக்கொரு முறை சில பாடசாலைகளைத் திருவுளச்சீட்டினால் தெரிந்து, பிள்ளைகளின் அசைவையும் மூச்சுவலுவையும் நேரே அளத்தல் வேண்டும். ஆணை தொடங்குமுன் ஒருமுறையும், தொடங்கிய பின் ஆண்டுதோறும் ஒருமுறையும் அளந்து, ஆணை இன்னும் எட்டாத பாடசாலைகளோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும். ஆண், பெண் என்றும், நகரம், கிராமம் என்றும் கணக்கைப் பிரித்துக் காட்டவேண்டும். சராசரி என்னும் போர்வையில் கடைசி வயலின் வரட்சி மறைந்துபோகும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஓட்டத் தூரம் அளக்க ஒரு கயிறும், நேரம் பார்க்க ஒரு கடிகாரமும் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும். 

ஐந்தாவது, அளந்த கணக்கு யாருக்குக் காட்டப்படும்? மாகாணக் கல்வித் திணைக்களத்தின் பெட்டிக்குட் கிடப்பதற்காக அன்று. பெற்றோர் படிக்குமாறு அது வெளியிடப்படல் வேண்டும். அளவு குறைந்த பாடசாலைக்குத் தண்டனை செல்லக்கூடாது, உதவி செல்லவேண்டும். தண்டனைக்கு அஞ்சும் இடத்திற் கணக்குத்தான் வளரும், பிள்ளை வளராது.

வசதி இல்லை என்ற சாட்டும் எம்மிடையே வழக்கமானது. அதற்கும் ஒரு சொல். கிளித்தட்டு விளையாட நிலத்திற் கீறிய கோடுகள் போதும். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனைபேரும், ஆணும் பெண்ணும், வேகமுள்ளவரும் மெலிந்தவரும், இருபது நிமிடம் மூச்சு வாங்க ஓடுதற்கு அதைவிடச் சிறந்த விளையாட்டை எந்த அமைச்சும் கண்டுபிடித்துத் தரப்போவதில்லை. எமது ஊர்களின் முற்றத்தில் இருந்த இப்பொருளை நாமே வெளியேற்றிவிட்டு, அதற்கு மாற்றாக விலையுயர்ந்த கருவிகள் வந்தாலன்றிப் பயிற்சி நடவாது என்று காத்திருத்தல் பேதைமை.

எனினும், பழம் விளையாட்டைப் புகழ்வதனால் அரசின் கடமை குறைந்துவிடாது. ஆசிரியரையும் நேரத்தையும் நிலத்தையும் தரவேண்டியவர் அரசினர். பரீட்சைப் புள்ளி ஒன்றையே பிள்ளையின் மதிப்பாகக் கொள்ளும் மயக்கத்திலிருந்து விடுபட வேண்டியவர் பெற்றோர். தமது கிராமத்துப் பாடசாலையின் பிள்ளைகளை ஆண்டுக்கொருமுறை அளந்து பார்த்து உண்மையைச் சொல்ல முன்வரவேண்டியவர் வைத்தியரும் பழைய மாணவரும். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து பாடசாலைக்குக் கட்டடமும் வாயில் வளைவும் கட்டித்தரும் அன்பர்கள், ஒரு மைதானத்துக்கு நிழல்மரமும், ஓர் உடற்கல்வி ஆசிரியரின் பயிற்சிச் செலவும் தருவார்களாயின் அது வளைவைவிட நீண்டகாலம் நிற்கும்.

நாட்டின் நாளைய கமக்காரனும் ஆசிரியையும் வைத்தியரும் இன்று வாங்குகளிற் குனிந்து இருக்கின்றார்கள். அவர்கள் எழுந்து ஓடவேண்டும். ஓடினார்களா என்பதை ஒருவர் சென்று பார்க்கவும் வேண்டும். ஆணை பிறப்பிப்போர் இந்த இரண்டாவது வேலையையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டால், நாம் அவ்வாணையை இரு கைகொண்டு வரவேற்போம். ஏற்காவிடில், கனடாவின் செல்வம் செய்யமாட்டாததை எமது வறுமை செய்துவிடும் என்று மக்களை நம்பவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம்.